ரோட்டாக்ஸ் 912 ஐடிலிங்கில் ஏன் நடுங்குகிறது, எப்படிச் சரிசெய்வது?

கேள்வி இதுதான். ரோட்டாக்ஸ் 912 யு.எல்.எஸ். எஞ்சின் பூட்டிய, இரண்டு பேர் அமரும் மைக்ரோலைட் விமானம். எஞ்சின் சூடான பிறகு த்ராட்டிலை முழுக்கப் பின்னால் இழுத்தால், அதாவது எஞ்சின் ஐடிலிங்கில் மெதுவாக ஓடும்போது, 1500, 1600 ஆர்.பி.எம்.-ல் பேனல் முழுக்க அதிர்கிறது. சில நாள் ஓடுபாதையைவிட்டு வெளியே வரும்போது நின்றேவிடுகிறது. 2500-ஐத் தாண்டிவிட்டால் ஒரு குறையும் இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோல்-காற்றுக் கலவையைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம், எத்தனை சுற்று திருப்பினால் சரியாகும்?

முதலில் அந்த ஸ்க்ரூவிலிருந்து கையை எடுங்கள். அதன் முறை கடைசியில்தான் வரும். இந்த எஞ்சினில் ஐடிலிங் நடுக்கம் என்று என்னிடம் வந்த விமானங்களில் பெரும்பாலானவற்றில் மிக்ஸ்சர் ஸ்க்ரூ சரியாகத்தான் இருந்தது. வேறெங்கோ இருந்த குறைக்கு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு குறையை இரண்டாக்கிக்கொண்டு வந்தவர்களே அதிகம்.

நம்மில் பலருக்குக் கை பழகியது பைக்கில். ஒரே சிலிண்டர், ஒரே கார்புரேட்டர். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பி, ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி, காதை வைத்துக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. 912-ல் அது நடக்காது. இதில் நான்கு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். வலப் பக்கத்து 1-ம் 3-ம் சிலிண்டர்களுக்கு ஒன்று, இடப் பக்கத்து 2-க்கும் 4-க்கும் மற்றொன்று. இரண்டும் பிங் 64 வகை. பி.எம்.டபிள்யூ. 1969-ல் கொண்டுவந்த ஆர் 75/5 பாக்ஸர் பைக்கில் இருந்ததும் இதே குடும்பம்தான். ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஹென் ஊரில் 1989 முதல் 912 எஞ்சின் தயாராகிறது. 2012-ல் ஊசிவழி எரிபொருள் செலுத்தும் 912 ஐ.எஸ். வந்த பிறகும், உலகம் முழுக்கச் சிறு விமானங்களில் கார்புரேட்டர் வைத்த 912-தான் இன்னமும் ஏராளமாகப் பறக்கிறது. நம் என்.சி.சி. மாணவர்கள் பறக்கும் வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 விமானத்திலும் இதே குடும்பத்தின் 80 குதிரைத்திறன் எஞ்சின்தான்.

ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேகமாக ஓடும்போது, ஒன்று அரை அடி முந்தினாலும் வண்டியில் இருப்பவருக்குத் தெரியாது. மெதுவாக நடக்கும்போது ஒன்று இழுத்து மற்றொன்று தயங்கினால் வண்டி ஒவ்வோர் அடிக்கும் கோணிக்கொண்டே போகும். ஐடிலிங்கில், கார்புரேட்டரில் காற்றைத் திறந்து மூடும் பட்டாம்பூச்சி வால்வு ஏறக்குறைய மூடியே இருக்கும். காற்று போகும் இடைவெளி ஒரு மயிரிழை அளவு. ஒரு பக்கம் மயிரிழை, மறுபக்கம் ஒன்றரை மயிரிழை என்றால் ஒரு பக்கத்துக்குப் பாதிக் காற்று கூடிவிடுகிறது. அதே வித்தியாசம் பாதி த்ராட்டிலில் கணக்கிலேயே வராது. 2500-க்கு மேல் பட்டுப்போல ஓடுகிறது என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம் இதுவே.

நடுக்கத்துக்கு ஒரு தாளம்கூட உண்டு. 912-ன் வெடிப்பு வரிசை 1-4-2-3. பக்கம் பார்த்தால் வலது, இடது, இடது, வலது. அடுத்த சுற்றோடு சேர்த்துப் பார்த்தால் வலதில் இரண்டு, இடதில் இரண்டு என்று மாறி மாறி வருகிறது. ஒரு பக்கம் பலவீனமாக இருந்தால் இரண்டு பலமான தட்டு, இரண்டு மெலிந்த தட்டு என்று எஞ்சின் தன்னைத்தானே உலுக்குகிறது. 1600 ஆர்.பி.எம்.-ல் இது நொடிக்குப் 13 முறை. பேனலிலும் இருக்கையிலும் நீங்கள் உணர்வது இந்த உலுக்கல்தான். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால் தாளம் வேறு மாதிரி இருக்கும்; பழகிய கைக்கு வித்தியாசம் தெரியும். பழகாவிட்டாலும் கவலையில்லை, கண்டுபிடிக்க வேறு வழிகள் இருக்கின்றன.

ஸ்பேனரை எடுக்கும் முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். இரண்டுக்கும் விமானியின் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒன்று இக்னிஷன். 912-ல் சிலிண்டருக்கு இரண்டு ப்ளக், இரண்டு தனித்தனி இக்னிஷன் வட்டங்கள். நடுங்கும் வேகத்திலேயே ஒரு சுவிட்சை இரண்டு, மூன்று நொடி அணைத்துப் பாருங்கள், பிறகு மற்றொன்றை. எதை அணைத்தாலும் நடுக்கம் ஒரே மாதிரி கூடினால் மின்சாரப் பக்கம் ஏறக்குறைய சுத்தம். ஒன்றை அணைக்கும்போது மட்டும் தடுமாறி நிற்கப்போனால், இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் வட்டத்தில் ப்ளக்கையும் ப்ளக் மூடியையும் பாருங்கள். கார்புரேட்டருக்கு இதில் பங்கில்லை.

இரண்டாவது சோக். சூடான எஞ்சின் நடுங்கிக்கொண்டிருக்கும்போது சோக்கை மெதுவாக, கொஞ்சமாக இழுங்கள். நடுக்கம் குறைந்தால் எஞ்சின் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது: எங்கோ ஏர் எடுக்கிறது, அல்லது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான ஐடில் ஜெட் அடைத்திருக்கிறது. இழுத்த உடனே இன்னும் மோசமாகி, புகைக்குழாயில் பெட்ரோல் வாடை தூக்கினால் ஏற்கெனவே ரிச்சாக, அதாவது கலவையில் பெட்ரோல் கூடுதலாக, இருக்கிறது. இதைச் செய்யும்போது த்ராட்டில் முழுக்க மூடியிருக்க வேண்டும். பிங் கார்புரேட்டரின் சோக், பட்டாம்பூச்சிக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை நம்பி வேலை செய்கிறது. த்ராட்டிலைத் திறந்தால் அதற்கு இழுவை போய்விடும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, சோக் வேலை செய்யவில்லை என்று புலம்புபவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னொரு விஷயம் கிடைக்கும். சோக் கேபிள் கொஞ்சம் இறுக்கமாக இருந்து, ஒரு பக்கத்து லீவர் முழுக்கத் திரும்பாமல் இருந்தால், அந்தப் பக்கம் மட்டும் ஐடிலிங்கில் ரிச்சாக ஓடும். த்ராட்டிலைத் திறந்ததும் மாயமாகச் சரியாகிவிடும். எஞ்சினை மூடியிருக்கும் கவ்லிங்கைக் கழற்றி, சோக்கை உள்ளே தள்ளி, இரண்டு லீவரும் தாம் முட்டி நிற்க வேண்டிய நிறுத்தத்தில் உட்காருகின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். கேபிளில் ஒரு மில்லிமீட்டர் தொய்வு இருந்தே ஆக வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். அதற்கு முன் பாதுகாப்பு பற்றி ஒரு விஷயம். இதை நான் கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன். 912-ல் த்ராட்டில் லீவரின் ஸ்பிரிங், பைக்கில் இருப்பதற்கு நேர் எதிர். பைக்கில் கேபிள் அறுந்தால் த்ராட்டில் மூடிக்கொள்ளும். இங்கே கேபிள் அறுந்தால் ஸ்பிரிங் கார்புரேட்டரை முழுக்கத் திறந்துவிடும். வானத்தில் அறுந்தால் விமானி சக்தியோடு ஊர் வந்து சேரட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தரையில் அதுவே ஆபத்து. நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் ஒருவர், கேபிள் முனை லீவரில் சரியாக உட்காராததைக் கவனிக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் பிடித்த மறுநொடி ஒரு பக்கம் முழு த்ராட்டிலுக்குப் போனது. வாலைக் கயிற்றால் கட்டியிருந்தோம். விமானம் சக்கரக் கட்டைகள்மேல் ஏறிக் கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர் இரண்டு இக்னிஷனையும் அணைக்கும்வரை ஆன நேரம் நான்கு நொடி இருக்கலாம். புரொப்பல்லருக்கும் எனக்கும் நடுவே ஒரு கை நீளம். அன்று முதல் இன்றுவரை ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் முன்பு நானே இரண்டு கேபிள் முனைகளையும் விரலால் இழுத்துப் பார்க்கிறேன். வால் கட்டியிருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை வேண்டும், பிரேக்கில் கால் வைத்து உள்ளே ஒருவர் இருக்க வேண்டும், அவர் கை இக்னிஷன் சுவிட்சில் இருக்க வேண்டும். தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள். சான்றிதழ் பெற்ற விமானம் என்றால் உரிமம் உள்ள எஞ்சினியர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து, கார்புரேட்டர்களின் உடல்நிலை. இதைப் பார்க்காமல் ட்யூனிங்கில் இறங்கினால் நாள் வீணாகும்.

கீழே உள்ள கிண்ணத்தைக் கம்பிப் பிடியை விலக்கிக் கழற்றுங்கள். அடியில் என்ன தங்கியிருக்கிறது? தண்ணீர்த் துளியா, ரப்பர்த் துணுக்கா, மாவு போன்ற வெள்ளைப் படிவா? கறுப்பு ரப்பர்த் துணுக்கு இருந்தால் எங்கோ ஒரு பெட்ரோல் ஹோஸ் உள்ளே உரிகிறது. அதை மாற்றாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவினால் பத்து மணி நேரத்தில் திரும்ப வருவீர்கள். பிறகு ஐடில் ஜெட். 912-ல் அது 35 எண். துளையின் விட்டம் 0.35 மில்லிமீட்டர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வட்டமான, கூர்மையான ஒரு புள்ளி ஒளி தெரிய வேண்டும். பிறைபோலத் தெரிந்தாலும் மங்கலாகத் தெரிந்தாலும் அடைப்பு. விமானம் இரண்டு மாதம் சும்மா நின்றாலே பெட்ரோல் காய்ந்து அதில் பிசின் பிடிக்கும். கரைப்பானில் ஊறப்போட்டுக் காற்றடித்து எடுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் எந்த ஸ்க்ரூவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

மிதவைகளைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த எஞ்சினில் அவை தந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. பிங் 64-ல் மிதவைகள் இரண்டும் கிண்ணத்துக்குள் தனித்தனியாகக் குச்சிகளில் ஏறி இறங்குகின்றன. இரண்டும் சேர்ந்து மேலே உள்ள ஒரு கவையைத் தூக்க, அது ஊசி வால்வை மூடுகிறது. சில தயாரிப்புத் தொகுதிகளில் மிதவைகளே பெட்ரோலை மெல்ல உறிஞ்சிக் கனத்துவிட்டன. கனத்த மிதவை தாழ்வாக மிதக்கும், கிண்ணத்தில் மட்டம் உயரும், எஞ்சின் ரிச்சாகும், காற்றுக் குழாய் வழியே பெட்ரோல் சொட்டும். ஐடிலிங்தான் முதலில் கெடும். ஒரு கார்புரேட்டரின் இரண்டு மிதவைகளும் சேர்ந்து 7 கிராமைத் தாண்டக் கூடாது என்பது ரோட்டாக்ஸ் வைத்த வரம்பு.

இதை அளக்க நகைக்கடைத் தராசு மாதிரி சிறிய எலக்ட்ரானிக் தராசு போதும். கிண்ணத்திலிருந்து எடுத்த மிதவையை உதறி, துணியில் ஒற்றி, உடனே வையுங்கள். காயவிட்டு மறுநாள் எடை போட்டால் உறிஞ்சியது ஆவியாகி, நல்லவன் வேஷம் போடும். சென்ற ஆண்டு ஒரு விமானத்தில் இடப் பக்கம் 6.2 கிராம், வலப் பக்கம் 8.1. அந்த வலப் பக்க மிதவைகளில் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டபோது தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சாய்ந்து மிதந்தது. பக்கத்தில் இருந்ததோ நிமிர்ந்து நின்றது. உரிமையாளர் அதற்கு முன் மூன்று வாரம் மிக்ஸ்சர் ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டியிருந்தார். மிதவைகளை மாற்றியதும் பாதி நடுக்கம் போய்விட்டது.

அடுத்தது ரப்பர் ஃப்ளாஞ்ச். கார்புரேட்டரை, சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டோடு இணைக்கும் தடித்த ரப்பர் இது. வெளியே இருந்து பார்த்தால் புதிதுபோல இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றி, ஃப்ளாஞ்சைக் கையில் எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். விரிசல் எப்போதும் இடுக்குப்பட்டை உட்காரும் ஓரத்திலும், ரப்பர் உலோகத்தோடு ஒட்டும் வளையத்திலும்தான் வாய் திறக்கும். பட்டையை அளவுக்கு மீறி முறுக்குவதே இதற்கு முக்கியக் காரணம். கார்புரேட்டர் ஆடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் முறுக்கி ரப்பரை அறுத்துவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி ஏர் லீக் கண்டுபிடிக்கும் பைக் பட்டறை வித்தையை இங்கே செய்யாதீர்கள். கீழே சூடான புகைக்குழாய், முன்னால் சுற்றும் புரொப்பல்லர். கழற்றிப் பார்க்க இருபது நிமிடம்தான் ஆகும். எஞ்சினின் ரப்பர் பாகங்களை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது தயாரிப்பாளர் விதி. உங்கள் லாக் புத்தகத்தில் கடைசியாக மாற்றிய தேதியைத் தேடிப் பாருங்கள்.

கார்புரேட்டரின் மேலே இருக்கும் ரப்பர்ச் சவ்வான டயஃப்ரத்தைப் பற்றி ஒரே வரி: அது கிழிந்தால் ஐடிலிங் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மேல் வேகத்தில்தான் இழுவை போகும். உங்கள் புகாருக்கு அது காரணமல்ல.

எல்லாம் சுத்தமாகிப் பூட்டிய பிறகு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே பாதி ட்யூனிங்கை முடித்துவிடலாம். த்ராட்டில் கேபிள்களைத் தளர்த்தி, லீவரை மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். மூடிய லீவர் முட்டி நிற்கும் ஐடில் நிறுத்த ஸ்க்ரூவை, லீவரைத் தொடாத அளவு பின்வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து, லேசாக உரசும்வரை ஸ்க்ரூவை உள்ளே திருப்புங்கள். கேஜை உருவிவிட்டு, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே. மறுபக்கமும் அச்சு அசல் அதே. பிறகு மிக்ஸ்சர் ஸ்க்ரூ: மெதுவாக, இறுக்காமல், உட்காரும்வரை உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அதன் முனை ஊசிபோலக் கூரானது. பலம் காட்டினால் முனையில் வளையத் தடம் விழுந்து, பிறகு எத்தனை சுற்று என்ற கணக்கே பொய்யாகிவிடும். உள்ளே திருப்பினால் லீன், அதாவது பெட்ரோல் குறையும்; வெளியே எடுத்தால் ரிச்.

இப்போது கேபிள். இரண்டு லீவரும் ஒரே கணத்தில் நிறுத்தத்தைவிட்டுக் கிளம்ப வேண்டும், ஒரே கணத்தில் முழுத் திறப்பைத் தொட வேண்டும். உள்ளே இருப்பவர் த்ராட்டிலை மிக மெதுவாகத் தள்ளட்டும். இரண்டு நிறுத்த ஸ்க்ரூக்களுக்கும் லீவருக்கும் நடுவே ஒவ்வொரு தாள் துண்டைச் செருகி வையுங்கள். இரண்டு தாளும் ஒன்றாக விழுந்தால் சரி. ஒன்று முந்தி விழுந்தால் அந்தப் பக்கத்துக் கேபிளின் அட்ஜஸ்டரைத் திருத்த வேண்டும். கேபிளின் வெளியுறை எங்காவது மடங்கியிருந்தாலோ உள்ளே துருப்பிடித்திருந்தாலோ, ஒருநாள் வைத்த அளவு மறுநாள் இருக்காது. எண்ணெய் விட்டும் சறுக்காத கேபிளை மாற்றிவிடுங்கள், அதோடு சண்டை போட வேண்டாம்.

இங்கேயே நடுக்கம் முக்கால்வாசி அடங்கியிருக்கும். மீதியைச் சொல்லப்போவது வெற்றிட மீட்டர்கள்.

இரண்டு வாக்குவம் கேஜ், அல்லது டிஜிட்டல் வகை ஒன்று. முதலில் இரண்டு கேஜையும் ஒரு டி-இணைப்பு வழியே ஒரே பக்கத்தில் மாட்டி, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். காட்டாவிட்டால் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான கேஜ்களில் இந்தப் பிழை சாதாரணமாக இருக்கும். கேஜின் பிழையை எஞ்சினுக்குள் ட்யூன் செய்துவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு இரண்டு மேனிஃபோல்டையும் இணைக்கும் சமநிலைக் குழாயைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளிலும் கேஜ்களை மாட்டுங்கள். இந்தக் குழாய் இருக்கும்போது ஒரு பக்கத்துக் குறையை மறுபக்கம் ஊதி நிரப்பிவிடும், உண்மையான வித்தியாசம் தெரியாது. குழாயைக் கழற்றியதும் எஞ்சின் இன்னும் அதிகமாக நடுங்கும். பயப்பட வேண்டாம், இப்போதுதான் அது உள்ளபடி பேசுகிறது.

கேஜ் ஹோஸ்களையும் குழாய்களையும் புரொப்பல்லரின் காற்றில் ஆடாதபடி கட்டுங்கள். 2000-ல் இரண்டு நிமிடம், பிறகு 2500-ல் எண்ணெய் 50 டிகிரியைத் தொடும்வரை சூடாக்குங்கள். குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

ஐடிலுக்கு இறக்கியதும் முட்கள் இரண்டும் வெட்டுக்கிளிபோலத் துள்ளும். ஹோஸை லேசாக நெரிக்கும் சிறு வால்வு கேஜில் இருக்கும். முள் மெல்ல மூச்சு விடுவதுபோல அசையும்வரை அதை மூடுங்கள். அசையாமல் நிற்கும்வரை மூடிவிட்டால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு நெரிப்பு வேண்டும்.

எந்தப் பக்கம் வெற்றிடம் குறைவாகக் காட்டுகிறதோ, அந்தப் பக்கத்துப் பட்டாம்பூச்சி அதிகம் திறந்திருக்கிறது. ஐடிலில் வித்தியாசம் இருந்தால் நிறுத்த ஸ்க்ரூவைத் திருத்துங்கள்; எட்டில் ஒரு சுற்றே முள்ளைக் கண்ணுக்குத் தெரிய நகர்த்தும். எஞ்சினை அணைத்து, திருத்தி, மீண்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடும்போதே ஸ்க்ரூ டிரைவரை உள்ளே நீட்டுபவர்கள் உண்டு. நான் செய்வதில்லை, என்னிடம் கற்றுக்கொள்பவர்களைச் செய்யவிடுவதும் இல்லை. பிறகு 2500-க்கு ஏற்றிப் பாருங்கள். அங்கே வித்தியாசம் வந்தால் ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், கேபிள் அட்ஜஸ்டரைத் திருத்துங்கள். லீவர் நிறுத்தத்தைவிட்டுக் கிளம்பிய பிறகு ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. ஆட்சி கேபிளுக்குப் போய்விடுகிறது. கேபிளைத் திருத்தினால் மீண்டும் ஐடிலைப் பாருங்கள். தொய்வு போதாமல் இறுகிய கேபிள் லீவரை நிறுத்தத்தில் உட்காரவிடாது, அப்போது ஐடிலும் கெடும். இப்படி இரண்டு, மூன்று முறை மேலும் கீழும் போய்வந்தால் முட்கள் இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல ஒன்றாக நகரும்.

ஐடில் கச்சிதமாக, 2500-ல் சிறு வித்தியாசம். அல்லது அதற்கு நேர்மாறு. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்ற நிலை சில பழைய எஞ்சின்களில் வரும். நான் மேல் வேகத்தைத்தான் கச்சிதமாக வைப்பேன். எஞ்சின் தன் வாழ்நாளைக் கழிப்பது அங்கேதான். ஐடிலில் மிஞ்சும் சிறு வித்தியாசத்தைச் சமநிலைக் குழாய் பார்த்துக்கொள்ளும், அதற்காகத்தான் அது இருக்கிறது.

குழாயைத் திரும்ப மாட்டிய பிறகு, இப்போது வாருங்கள் மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு. ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்துக் கால் கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். ஆர்.பி.எம். விழ ஆரம்பிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே எடுத்துக்கொண்டே போங்கள், மறுபடி விழும் இடம் வரும். இரண்டுக்கும் நடுப்புள்ளியில் வைத்து நிறுத்துங்கள். மறுபக்கமும் அப்படியே. பெரும்பாலும் ஒன்றே கால் முதல் ஒன்றே முக்கால் சுற்றுக்குள் வந்து நிற்கும். மூன்று சுற்று வெளியே எடுத்தால்தான் ஓடுகிறது என்றால் ஜெட்டோ ஃப்ளாஞ்சோ இன்னும் சரியாகவில்லை. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

செஸ்னா 152, 172-ல் வேலை பார்த்தவர்கள் ஒரு சந்தேகம் கேட்பார்கள். அங்கே லைகாமிங் எஞ்சினில் விமானி கையிலேயே மிக்ஸ்சர் பிடி இருக்கும்; ஐடிலில் அதை மெதுவாக வெளியே இழுத்தால் நிற்பதற்கு முன் ஆர்.பி.எம். 25 முதல் 50 வரை ஏறினால் ஐடில் கலவை சரி, ஏறாமலே நின்றால் லீன், அதைவிட அதிகம் ஏறினால் ரிச். அழகான சோதனை. 912-ல் அந்தப் பிடியே கிடையாது. உயரத்துக்கேற்ற கலவையைப் பிங் கார்புரேட்டர் தானே ஓரளவு சரிசெய்துகொள்கிறது. அதனால் இங்கே ஸ்க்ரூவை வைத்துத்தான் அந்த நடுப்புள்ளியைத் தேட வேண்டும்.

ஐடில் எத்தனையில் வைப்பது? கையேடு குறைந்தபட்சம் 1400 என்கிறது. நான் 1700, 1800-ல் வைக்கிறேன். யு.எல்.எஸ்.-ன் கியர்பாக்ஸ் விகிதம் 2.43. 1400-ல் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 576 சுற்றுதான் சுற்றும். அந்த வேகத்தில் ஒவ்வொரு வெடிப்புக்கும் கிராங்க் முந்துகிறது, அடுத்ததற்குள் புரொப்பல்லர் முந்துகிறது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பல்லிணைப்பில் வேண்டுமென்றே விட்டிருக்கும் சில டிகிரி இடைவெளியில் பற்கள் முன்னும் பின்னும் மோதிக்கொள்கின்றன. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு உலுக்கும் அந்தச் சத்தம் காதில் விழுந்தால் ஐடிலைக் கூட்டுங்கள். கார்புரேட்டர் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் 1400-ல் 912 பட்டுப்போல ஓடாது. பைக்கை எவ்வளவு குறைவாக நிற்கவைக்க முடியும் என்று பெருமைப்படுவதை இங்கே கொண்டுவர வேண்டாம். ஆனால் 2000-க்கு மேலும் போகாதீர்கள். குட்டையான ஓடுபாதையில் இறங்கும்போது விமானம் மிதந்துகொண்டே போகும், தரையில் பிரேக் தேயும்.

கடைசியாகச் சில பரிசோதனைகள். 3000-லிருந்து த்ராட்டிலைச் சட்டென்று மூடுங்கள். எஞ்சின் தடுமாறாமல் ஐடிலுக்கு வந்து நிற்க வேண்டும். இறங்கும் கடைசி நிமிடத்தில் விமானி செய்வதும் இதையேதான், அங்கே அது நின்றுபோகக் கூடாது. ஐடிலிலிருந்து மெதுவாகத் தள்ளும்போது 1900, 2200 வாக்கில் விக்கல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கேபிள்கள் ஒன்றாகக் கிளம்பவில்லை. பிறகு 4000-ல் வழக்கமான இக்னிஷன் சோதனை. ஒரு வட்டத்தில் ஓடும்போது விழுவது 300-ஐத் தாண்டக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் உலுக்கல் மிஞ்சினால் புரொப்பல்லரைப் பாருங்கள். தரையில் வைத்தே கோணம் மாற்றும் வகை என்றால், ஒரு இதழ் அரை டிகிரி மாறியிருக்கலாம். எஞ்சின் மவுன்ட் ரப்பர்கள் கல்லாகியிருக்கலாம். அந்த நடுக்கம் ஐடிலோடு நிற்காது, எல்லா வேகத்திலும் கூடவே வரும். உங்கள் புகாரில் அது இல்லாததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கவ்லிங்கை மூடும் முன், கழற்றிய சமநிலைக் குழாயின் இரண்டு முனைகளிலும் கிளிப் இறுகியிருக்கிறதா, கிண்ணங்களில் பெட்ரோல் கசிவு இல்லையா என்று ஒருமுறை பாருங்கள். லாக் புத்தகத்தில் மிதவைகளின் எடை, மிக்ஸ்சர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நின்றது, ஐடிலிலும் 2500-லும் இரண்டு கேஜ் காட்டிய எண்கள், எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். பத்து மணி நேரம் பறந்த பிறகு கேஜை மீண்டும் மாட்டுங்கள். புதிய கேபிளோ புதிய ஃப்ளாஞ்சோ போட்டிருந்தால் அவை உட்கார்ந்து, ஒரு பக்கம் சற்று நகர்ந்திருக்கும். அதைத் திருத்தினால் அடுத்த 100 மணி நேரப் பரிசோதனை வரை தொடத் தேவையிருக்காது.